குழுவின் சொற்கள் புதியவருக்கும் புரிய வேண்டுமானால்

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் நீர் பெறும் குளம் ஒன்றின் விவசாயிகளுக்காக நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தி வருகிறோம். கார் பருவச் சாகுபடிக்கு நாற்றங்கால் போடும் நேரத்தில், கணவர் இறந்த பின் இரண்டு ஏக்கர் வயலைத் தாமே பார்க்கத் தொடங்கியிருந்த ஒரு பெண், குழுவில் சேர்ந்த நான்காம் நாள் ஒரு கேள்வி எழுதினார்: “அண்ணாச்சி, ஏஎஸ்டி 16 போடலாமா, அம்பை 16 போடலாமா? எது கூடுதலா விளையும்?” இரண்டும் ஒரே நெல்தான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் என்பதால், ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி ஏஎஸ்டி என்று சிலரும், தமிழில் சுருக்கி அம்பை என்று சிலரும் எழுதுகிறார்கள். அவருடைய கேள்விக்குக் கீழே ஐந்தாறு சிரிப்பு எமோஜிகள் விழுந்தன. விடை சொல்ல ஒருவரும் வரவில்லை. குழுவின் அட்மின்களில் ஒருவனான நானும் அதைப் பார்த்துவிட்டு, யாராவது சொல்வார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் அவர் குழுவை விட்டு வெளியேறியிருந்தார். வெளியேறும் அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டுமே வருவதால், சிரித்தவர்களுக்கு அவர் போனதுகூடத் தெரியாது.

அவருக்குச் செய்த தவறு என்னை வெகு நாள் உறுத்தியது. அதன் பிறகு குழுவின் பேச்சைப் புதியவர்களுக்குத் திறந்து வைக்க நாங்கள் செய்தவற்றையும், செய்து பார்த்துக் கைவிட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். பாசனக் குழுவை வைத்துச் சொன்னாலும், குடியிருப்போர் குழு, பறவை பார்ப்போர் குழு, போட்டித் தேர்வுக்குப் படிப்போர் குழு என எதை நடத்துபவரும் இதைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சுருக்கச் சொல் எழுதுபவருக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அந்த நேரத்தை அதைப் புரிந்துகொள்ள முடியாதவர்தான் செலவிடுகிறார். பத்தாண்டுகளாகக் குழுவில் இருப்பவர் ‘டிபிசி திறந்தாச்சு’ (நெல் கொள்முதல் நிலையம் திறந்துவிட்டது) என்று இரண்டு சொல்லில் செய்தியை முடித்துவிடுவார். நேற்றுச் சேர்ந்தவர் அதைப் படித்துவிட்டு, யாரைக் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து, கடைசியில் கேட்காமலே விட்டுவிடுவார். அவர் கேட்காததால், எல்லாருக்கும் புரிந்திருக்கிறது என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இதனால் ‘புரியவில்லை என்றால் கேட்க வேண்டியதுதானே’ என்ற பேச்சு நியாயமாகத் தோன்றினாலும் நடைமுறையில் பயன்படுவதில்லை. குளத்துக் கூட்டத்தில் தலைமுறைகளாக உட்கார இடம் கிடைக்காத பெண்களும், குத்தகைக்குப் பயிரிடுபவர்களும், நேற்றுவரை கூலிக்கு மட்டும் வயலில் இறங்கியவர்களும் இன்று அலைபேசி வழியாகக் குழுவுக்குள் வருகிறார்கள். அவர்களிடம் கேட்கும் துணிச்சலை எதிர்பார்ப்பதைவிட, விளக்கும் பொறுப்பைப் பழையவர்கள் ஏற்பதே முறை.

சுருக்கி எழுதும் பழக்கம் ஆங்கிலத்தோடு வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கணக்கேட்டில், நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று பக்கம் முழுவதும் குறிகள்தாம். கணக்கு எழுதியவருக்கு அவை கைவந்தவை. அவர் பேரன் பட்டம் படித்தவர். தம் குடும்பத்து நிலத்தின் வரவு செலவை அந்த ஏட்டில் அவரால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. குறியை விளக்கும் ஒரு தாளை ஏட்டின் முதல் பக்கத்தில் யாரும் வைக்காமல் போனதே அதற்குக் காரணம்.

எனவே வேலையைத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் குழுவின் பழைய செய்திகள். கடைசி இரண்டு வாரச் செய்திகளைத் தாளில் அச்செடுத்து, குழுவில் இல்லாத இரண்டு பேரிடம் கொடுத்து, புரியாத சொல்லின் அடியில் எல்லாம் கோடு போடச் சொல்லுங்கள். குழுவில் இருப்பவர்கள் இதைச் செய்தால் பலன் இராது. பழகிய கண்ணுக்குப் பழகிய சொல் தட்டுப்படாது. நாங்கள் ஒரு கல்லூரி மாணவியிடமும், வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடமும் கொடுத்தோம். டிபிசி, விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஏஇ (உதவிப் பொறியாளர்) போன்றவற்றில்தான் கோடு விழும் என்று எதிர்பார்த்திருந்தோம். அவற்றில் விழுந்ததைப் போலவே பிசானம், மறுகால் (குளம் நிறைந்தால் மிகுதி நீர் வழியும் இடம்), மடை (குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய்), கோட்டை (நெல்லை அளக்கும் ஓர் அளவு) போன்ற நல்ல தமிழ்ச் சொற்களிலும் விழுந்தது. எங்களுக்குக் கண் திறந்தது அன்றுதான்.

பிசானம் என்பது எங்களுக்கு அம்மா பெயரைப் போன்ற சொல். தாமிரபரணிப் பாசனத்தில் ஜூன் மாதம் தொடங்கும் பருவம் கார் என்றும், ஏறத்தாழ அக்டோபரில் தொடங்கி மாசி வரை போகும் பருவம் பிசானம் என்றும் இங்கே எந்தச் சிறுவனும் சொல்வான். ஆனால் குறுவை, சம்பா என்று பேசும் தஞ்சாவூர்க்காரர் இங்கே நிலம் வாங்கிக் குடியேறினால் அவருக்குப் பிசானம் அயல்மொழிச் சொல்லாகவே ஒலிக்கும். நாங்கள் குளம் என்பதை மதுரைப் பக்கம் கண்மாய் என்பார்கள், வடக்கே ஏரி என்பார்கள். ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழாக்கிவிட்டால் குழு எல்லாருக்கும் திறந்துவிடும் என்று நம்பியிருந்த நான், வட்டாரச் சொல்லும் வெளியாளுக்குப் பூட்டுதான் என்பதை அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

கோடு விழுந்த சொற்களை அடுத்ததாகத் தரம் பிரிக்க வேண்டும். மடை, மறுகால் போன்றவை தொழிற்சொற்கள். அவற்றுக்கு மாற்று கிடையாது, தேடவும் கூடாது. மடையை ‘நீர் வெளியேறும் அமைப்பு’ என்று எழுதினால் புதியவருக்குப் புரிந்ததுபோல் இருக்கும். ஆனால் மறுநாள் வயலில் நின்று பெரியவர் ‘மடையை அடை’ என்று சொல்லும்போது புதியவர் விழிப்பார். இத்தகைய சொற்களை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுப்பதே வழி. துறைப் பெயர்களும் திட்டப் பெயர்களும் அவசரத்தில் சுருங்கியவை. அவற்றை விரித்து எழுதினாலே போதும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. குழுவில் பழையவர் என்று காட்டுவதற்காகவே புழங்கும் சொற்கள் அவை: பழைய சண்டை ஒன்றை வைத்து ஓர் அதிகாரிக்கு இட்ட பட்டப்பெயர், இன்னாருடைய வயல் என்பதற்கு நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த குறிப்பு. இவற்றைப் பொதுச் செய்தியில் எழுதுவதை நிறுத்திவிடலாம். நிறுத்தியதால் எங்களுக்கு எந்த இழப்பும் ஏற்படவில்லை.

பிறகு சொற்பட்டியல் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது; முப்பது சொற்களுக்குள் நிற்பது நல்லது. எங்கள் முதல் பட்டியல் நான்கு பக்கம் இருந்தது, யாரும் படிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் விரிவாக்கம் மட்டும் கொடுப்பது போதாது என்பதும் அந்த முதல் பட்டியலில் கற்ற பாடம். ‘டிபிசி: நேரடி நெல் கொள்முதல் நிலையம்’ என்று நிறுத்தினால், சுருக்கம் புரிந்தவருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. இப்போது அந்த இடத்தில் இப்படி இருக்கிறது: “டிபிசி: நேரடி நெல் கொள்முதல் நிலையம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல் வாங்கும் இடம். நெல்லை ஏற்றிச் செல்லுமுன் பதிவு செய்ய வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.” சொல், அதன் பொருள், அதைப் படித்தவர் செய்ய வேண்டியது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு முழுமையாகும்.

நெல் ரகங்களுக்கு ஒரே பதிவு போதுமாக இருந்தது. ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம், ஏடிடி என்றால் ஆடுதுறை, சிஓ என்றால் கோயம்புத்தூர், டிபிஎஸ் என்றால் நமக்குத் தெற்கே உள்ள திருப்பதிசாரம். எழுத்துகள் ரகத்தை உருவாக்கிய நிலையம் இருக்கும் ஊரைக் குறிக்கின்றன, எண் அந்த ரகத்துக்கு உரியது. இதைப் படித்தபோது, முப்பது ஆண்டுகளாக ஏஎஸ்டி 16 விதைத்து வரும் ஒருவர், அந்த எழுத்துகளுக்குள் தம் பக்கத்து ஊர் இருப்பது தமக்கே தெரியாது என்று எழுதினார். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நாங்கள் அன்றே தந்திருக்க வேண்டிய விடை இந்த மூன்று வரிதான்.

அளவுகளுக்கு மட்டும் சற்று இடம் ஒதுக்குங்கள். எண்களைப் பார்த்ததும் புதியவர்கள் மிரள்கிறார்கள், பழையவர்களும் பலர் புரிந்ததாகக் காட்டிக்கொள்கிறார்கள். கியூசெக் என்பது வினாடிக்கு ஒரு கன அடி, அதாவது ஏறத்தாழ 28 லிட்டர். இப்படிச் சொன்னால் கணக்குச் சரி, ஆனால் மனத்தில் படம் விழாது. ஒரு கியூசெக் நீர் ஒரு நாள் முழுவதும் ஓடினால், ஒரு ஏக்கர் நிலத்தில் கிட்டத்தட்ட இரண்டடி உயரத்துக்கு நிற்கும் என்று சொன்னபோது, வயலில் நின்று பழகிய எல்லாருக்கும் சட்டென்று விளங்கியது. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. பாபநாசம் அணை 143 அடி உயரத்துக்கு நிரம்பினால் ஏறத்தாழ ஐந்தரை டிஎம்சி இருக்கும். அணையின் அடிக் கணக்கைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தோம். அணைப் பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிவதால், உச்சியில் கூடும் ஓர் அடி அடிப்பகுதியில் உள்ள ஓர் அடியைவிட மிகுதியான நீரைக் கொள்ளும். பாதி உயரத்தில் பாதி நீர் இருக்கும் என்று எண்ணிச் சாகுபடியைத் திட்டமிடுபவருக்கு இது முக்கியம்.

பட்டியலை எங்கே வைப்பது என்பதும் கவனிக்க வேண்டியது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அவர் சேர்வதற்கு முன் குழுவில் வந்த செய்திகள் வழக்கமாகத் தெரிவதில்லை. ஆகவே ‘போன மாதமே போட்டோமே’ என்பது அவருக்கு விடையாகாது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பின் செய்து வைத்தாலும் அதிக அளவு 30 நாளில் அது இறங்கிவிடும். ஆதலால் குழு விவரத்தில் ஒரு சுருக்கமும், முழுப் பட்டியலைப் பின் செய்த செய்தியாகவும் வைத்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பொறுப்பு எல்லாருக்கும் என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

எழுத்து மட்டும் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். எங்கள் குழுவில் மடை திறந்து தண்ணீர் பங்கிடும் பெரியவர் இருக்கிறார். மறுகாலையும் மடையையும் பற்றி நாங்கள் அறிந்தது முழுவதும் அவரிடம் கற்றதே. ஆனால் ‘லிங்க்கைத் தொட்டு, ஓடிபி போட்டு, பிடிஎஃப் அப்லோட் செய்யவும்’ என்று எங்கள் இளைஞர் ஒருவர் எழுதியபோது, பிள்ளைகள் யாராவது வரும்வரை அவர் இரண்டு நாள் காத்திருந்தார். ஒரே குழுவில் ஒருவரே ஒரு பேச்சில் பழையவராகவும் இன்னொரு பேச்சில் புதியவராகவும் இருக்கிறார். இதைக் கண்ட பிறகு, பட்டியலை அவருடைய குரலிலேயே வாசிக்க வைத்துப் பதிவு செய்து போட்டோம். அலைபேசிச் சொற்களைக் கல்லூரிப் பெண் ஒருத்தி விளக்கிப் பேசினாள். அந்த இரண்டு குரல் பதிவுகளும் எழுத்துப் பட்டியலைவிடக் கூடுதலாகப் பயன்படுகின்றன.

அன்றாடச் செய்திகளுக்கு ஒரே ஒரு விதி வைத்தோம்: ஒரு செய்தியில் சுருக்கம் முதன்முறை வரும்போது விரித்து எழுத வேண்டும், பிறகு சுருக்கலாம். ‘நேரடி நெல் கொள்முதல் நிலையம் (டிபிசி) திங்கள் முதல் திறந்திருக்கும்’ என்று எழுத எத்தனை வினாடி கூடுதலாகப் பிடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யாராவது மறந்தால் அட்மின் கண்டிக்க வேண்டியதில்லை. கீழே விரிவாக்கத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டால், எழுதியவரும் புண்படமாட்டார், படிப்பவருக்கும் புரிந்துவிடும். பெயர் மாறிய துறைகளில் இன்னும் கவனம் வேண்டும். 2021-இல் நீர்வளத்துறை தனித் துறையாகிவிட்டது. ஆயினும் எங்கள் குழுவில் பலருக்கு அது இன்னும் பிடபிள்யூடி (பொதுப்பணித்துறை) தான். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் மனுவைத் தூக்கிக்கொண்டு வேறோர் அலுவலகத்துக்குப் போய் அரைநாள் காத்திருந்து திரும்பினார்.

கேள்வி வந்தால் நடந்துகொள்ளும் முறையைத் தனியே வகுத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குக் கீழே சிரிப்பு எமோஜி கூடாது. இந்த ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பொதுவில் கேட்டதற்குப் பொதுவிலேயே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே ஐயத்தோடு வாய் திறக்காமல் இன்னும் சிலர் இருப்பார்கள். ‘மேலே பாருங்க’, ‘இதுகூடத் தெரியாதா’, ‘பட்டியலில் இருக்கு’ என்று தள்ளிவிடாமல், விடையை அங்கேயே ஒரு வரியில் எழுதிவிட்டு, மேலும் அறியப் பட்டியலைச் சுட்டலாம். தனியே கேட்க விரும்புவோருக்காக இரண்டு பேரை அமர்த்தி, அவர்கள் பெயரை வரவேற்புச் செய்தியிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொண்ட பிறகுதான் பெண்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கின.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது: அபாயச் செய்தி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது, தாமிரபரணி கரைபுரண்டது. அந்த இரவில் எங்கள் குழுவுக்கு வந்த செய்தி இரண்டே சொல்: ‘மறுகால் பாயுது’. பழையவர்களுக்கு அதில் எல்லாம் அடங்கியிருந்தது. குளம் நிறைந்துவிட்டது, மிகுதி நீர் கட்டைத் தாண்டி வழிகிறது, அது ஓடை வழியாக அடுத்த குளத்துக்குப் போகும், ஓடையோரம் இருப்பவர்கள் நகர வேண்டும். அந்த ஓடையோரத்தில் புதிதாக மனை வாங்கி வீடு கட்டியிருந்த ஒரு குடும்பமும் குழுவில் இருந்தது. அவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்தார்கள். மற்ற ஆண்டுகளில் மறுகால் பாய்ந்தால் எல்லாரும் மகிழ்ந்து கும்பிடு போடுவதைக் கண்டிருந்ததால், அவர்களும் ஒரு கும்பிடு எமோஜி போட்டுவிட்டு உறங்கப் போனார்கள். நள்ளிரவில் எதிர்த்தெரு ஆச்சி கதவைத் தட்டி எழுப்பி அழைத்துப் போகாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. பழைய ஊர்க்காரர் எவரும் அந்த இடத்தில் வீடு கட்டியிருக்கமாட்டார். அபாயம் யாருக்கு மிகுதியோ அவருக்குத்தான் அந்தச் சொல் தெரியாமல் இருந்தது.

அதனால் மழை, வெள்ளம், கரை உடைப்பு, மின்கம்பி அறுந்தது போன்ற செய்திகளில் எங்கள் குழுவில் சுருக்கத்துக்கே இடமில்லை. எந்த இடம், என்ன நடக்கிறது, யார் எங்கே போக வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்ற நான்கும் முழுச் சொற்களில் இருக்க வேண்டும். மாதிரி ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம்: “நம் குளம் நிறைந்து மறுகால் வழியாக நீர் வெளியேறுகிறது. ஓடையின் இரு கரையிலும் உள்ள வீட்டார் இப்போதே பள்ளிக்கூடத்துக்குச் செல்லுங்கள். ஆடுமாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள். உதவிக்கு 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணை அழையுங்கள்.” மழை வலுக்கும் நாளில் யோசித்து எழுத நேரம் இராது, ஐப்பசி பிறக்குமுன் இதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் ஒரு சொல். முதல் வாரத்தில் புரியாத சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மொத்தமாக ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் அந்தச் சொற்கள் உங்களுக்கும் பழகிவிடும். பழகுமுன் எழுதிய அந்தத் தாளை அட்மினிடம் கொடுத்தால், அதைவிடப் பெரிய உதவி குழுவுக்குக் கிடையாது.

பட்டியலைத் திருத்த நாங்கள் பயன்படுத்துவது அப்படிச் சேர்ந்த தாள்களைத்தான். ஆண்டுக்கு இரண்டு முறை, காருக்கு முன்னும் பிசானத்துக்கு முன்னும், கடைசியாகச் சேர்ந்த மூன்று பேரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறோம். பழையவர்கள் அருகில் இருந்து கேட்பார்கள், குறுக்கே பேசமாட்டார்கள். சென்ற முறை அப்படி வாசித்த மூவரில், ஏஎஸ்டி 16 கேள்வியைக் கேட்டு வெளியேறிய அந்தப் பெண்ணும் ஒருவர். நான் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டு அழைத்த பிறகு திரும்பி வந்திருந்தார். பட்டியலில் கோட்டைக்கு நேரே ‘21 மரக்கால்’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்துவிட்டு, “மரக்கால்னா எவ்வளவுன்னு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?” என்று கேட்டார். அடுத்த வாரம் மடைக்காரப் பெரியவர் தம் வீட்டிலிருந்த மரக்காலைக் கொண்டுவர, அதில் நெல்லை நிரப்பி எடுத்த படத்தைப் பட்டியலோடு சேர்த்திருக்கிறோம்.